கிரிவலப் பாதையில் மார்க் ஷீட் கிடையாது: திருவண்ணாமலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வேலை போன பிறகும் ஒன்பது நாள் நான் சாப்பாட்டுப் பையோடு வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். 14 வருஷம் வேலை பார்த்த இடம். 12 நிமிஷ வீடியோ அழைப்பில் கதையை முடித்துவிட்டார்கள். காலையில் பூங்காவில் உட்காருவேன். பத்து மணிக்குப் பூங்காவைப் பூட்டியதும் மின்சார ரயிலில் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் போய் வந்துகொண்டிருப்பேன். பத்தாம் நாள் ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். ஒரு வாரமாக டிபன் பாக்ஸ் போன கனத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்ததாம்.

அந்த மாதக் கடைசியில்தான் முதல்முறையாகத் திருவண்ணாமலைக்குப் போனேன். அதுவரை எனக்குச் சாமி என்றால் பரீட்சைக்கு முன்னால் பிள்ளையார், அதோடு சரி. அப்புறம் பலமுறை போய் வந்துவிட்டேன். எத்தனை முறை என்ற கணக்கை நடுவில் நிறுத்திவிட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கிறவர்கள், ஆன்மிகம் பக்கம் போனால் நிம்மதி கிடைக்குமா என்று யோசிப்பவர்கள், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள்: அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்

முதலில் ஒரு விஷயம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாமா என்று தோன்றுகிறது என்றால் மலை காத்திருக்கட்டும், டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண் அரசின் மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் ஆன்மிகம் வந்துவிட்டது என்று அதை நிறுத்திவிட வேண்டாம். திருவண்ணாமலையில் வாழ்ந்த ஞானி ரமணருக்கே கையில் கட்டி வந்தபோது 1949-ல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. அவர் டாக்டர்களுக்குக் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

எந்த நாள் போவது? பௌர்ணமிக்குப் போகாதீர்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். பௌர்ணமி கிரிவலம் விசேஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் லட்சக்கணக்கான பேர் நடக்கும் ராத்திரியில் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்க முடியும். முதல்முறை ஒரு சாதாரண செவ்வாய், புதன் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயில் வேண்டவே வேண்டாம். கனமழை அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2024 டிசம்பர் 1-ம் தேதி புயல் மழையில் மலைச்சரிவு மண் அடிவாரத்து வீட்டின் மேல் இறங்கி 7 பேர் இறந்துபோனார்கள். அந்த மலை வெறும் தரிசனக் காட்சி இல்லை, நிஜமான பாறையும் மண்ணும்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். முதல் நாள் சாயங்காலமே போய்த் தங்கிவிட்டால் மறுநாள் விடிகாலை 4 மணிக்கு நடக்கத் தொடங்கலாம். ரமணாசிரமத்தில் தங்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். கட்டணம் என்று எதுவும் கிடையாது, முடிந்ததைக் கொடுக்கலாம். இடம் இல்லையென்றால் ஊரில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை.

கையில் ஒரு துண்டு, தண்ணீர், பத்து ரூபாய் நோட்டுகள் கொஞ்சம். போதும். போனை அணைத்துப் பையில் போடுங்கள். தனியாகப் போவது நல்லது. ஆனால் தனியாகப் போகும் பெண்கள் நடுராத்திரியைத் தவிர்த்து, விடிகாலையில் ஏதாவது ஒரு கூட்டத்தின் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். சில இடங்களில் ரோடு வெறிச்சென்று இருக்கும். செருப்பில்லாமல் நடப்பதுதான் வழக்கம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் வீரம் காட்டக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கல் குத்தியதே தெரியாது, புண் ஆறவும் ஆறாது. செருப்போடு நடங்கள், அருணாசலர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

14 கிலோமீட்டர்

கிழக்கு ராஜகோபுரத்திலிருந்து தொடங்குங்கள். 11 நிலை, 217 அடி. அண்ணாந்து பார்த்துவிட்டு மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். சாலையின் இடது ஓரமாகப் போவது வழக்கம். மலையை ஒட்டிய பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட வேண்டுமாம்.

வேகம்தான் முக்கியம். நிறைமாத கர்ப்பிணியான மகாராணி நடப்பதுபோல நடக்க வேண்டும் என்பார்கள். நான் முதல்முறை மூன்று மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் போனேன். ஆபீஸ் புத்தி. நான்கரை, ஐந்து மணி நேரம் ஆகட்டும்.

வழியில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, வழியில் ஒவ்வொன்றாக வரும். முதலில் ஊர்தான். செங்கம் சாலையில் பஸ் ஹாரன், பால் வண்டி, டீக்கடைப் பாட்டு. அமைதி தேடி வந்தோமே என்று இங்கே எரிச்சல் வரும். வரட்டும். சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம் இரண்டையும் இப்போது தாண்டிப் போங்கள், நாளைக்கு வரலாம். எமலிங்கத்துக்கு அப்புறம் செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பியதும் மரங்கள் வரும், சத்தம் குறையும். உள்ளே இருக்கும் சத்தம் அங்கேதான் கேட்கத் தொடங்கும்.

எனக்கு அங்கே கேட்டது அந்த வீடியோ அழைப்பு. "இது உங்கள் திறமையைப் பற்றியது இல்லை" என்று அந்தப் பெண் சொன்னது, நான் "பரவாயில்லை மேடம்" என்றது. ஏன் பரவாயில்லை என்று சொன்னேன்? வேறு என்ன சொல்லியிருக்கலாம்? நிருதி லிங்கம் வரை அவளோடு வாதாடிக்கொண்டே நடந்திருக்கிறேன், மலையைப் பார்க்கவே இல்லை. உங்களுக்கும் ஏதோ ஒன்று ஓடும். அதை நிறுத்த முயல வேண்டாம். ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், தலையைத் திருப்பி மலையைப் பாருங்கள். நடக்க நடக்க மலை வடிவம் மாறிக்கொண்டே வரும்.

ஆதி அண்ணாமலையார் கோயில் மலையின் மறுபக்கம், கிட்டத்தட்ட பாதி வழி. உட்கார்ந்து சுக்கு காபி குடியுங்கள். அதற்குப் பிறகு எனக்குக் கால் கொப்பளித்துவிட்டது. வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் சாலையோரமாக உட்கார்ந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைப்பத்தோடு வந்த ஒரு அம்மா, "தள்ளி உக்காரு சாமி, கூட்டணும்" என்றார்.

திருவண்ணாமலையில் எல்லோரும் சாமிதான். ஆட்டோக்காரர், பிச்சை கேட்பவர், காரில் வந்து இறங்குகிறவர், எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது அன்றைக்குப் புதிது. பல வாரமாக 'முன்னாள்' என்ற அடைமொழியோடு என்னையே நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு நான் தள்ளி உட்கார வேண்டிய ஒரு சாமி, அவ்வளவே. தள்ளி உட்கார்ந்தேன். பேப்பர் கப், தொன்னை, வாடிய பூ, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் அவர் ஒரே வீச்சில் தள்ளிக்கொண்டு போனார். எது யார் போட்டது என்று ஒன்றையும் குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் ரமணாசிரமப் புத்தகக் கடையில் ரமணரின் 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினால் அதே விஷயம் இருக்கிறது: கூட்டித் தள்ள வேண்டிய குப்பையை ஆராய்ந்துகொண்டிருப்பதில் பயனில்லை என்று. அந்த அம்மாவின் துடைப்பத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன்.

குபேர லிங்கத்தில் கூட்டம் இருக்கும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நானும் அங்கேதான் அதிக நேரம் நின்றேன். அடுத்து இடுக்குப் பிள்ளையார். குறுகலான கல் வாசலில் பக்கவாட்டில் படுத்து, உடம்பை ஒருக்களித்து நகர்ந்து வெளியே வர வேண்டும். பையோடு போகாதீர்கள். பருமனானவர்கள் முதலில் வேறொருவர் எப்படி வருகிறார் என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம். போகாவிட்டால் குறை ஒன்றுமில்லை.

கடைசி லிங்கம் ஈசானியம். பக்கத்தில் சுடுகாடு. இந்த இடத்தை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள், நாளைய பாடத்துக்கு இது தேவைப்படும்.

மறுநாள்: சும்மா உட்காருவது

ரமணாசிரமத்தில் சமாதி மண்டபம் இருக்கிறது, பக்கத்தில் பழைய ஹால் இருக்கிறது. பழைய ஹாலில் பேச்சு கூடாது. ஒரு மூலை பார்த்து உட்காருங்கள். முதுகு வலித்தால் சுவரில் சாயலாம். மயில் அகவும், யாராவது இருமுவார், பக்கத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் சிலை மாதிரி இருப்பார். அவரோடு உங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்து மலைப்பாதையில் ஏறினால் ஸ்கந்தாசிரமம், அங்கிருந்து இறங்கினால் விரூபாட்ச குகை. காலையிலேயே ஏறுங்கள். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் கூடாது. இந்தப் பாதையை விட்டு மலையுச்சிக்கோ காட்டுக்குள்ளோ போக வனத்துறை தடை இருக்கிறது. வழி காட்டுகிறேன் என்று யார் வந்தாலும் போக வேண்டாம். குகைக்குள் புழுக்கமாக இருக்கும், பத்து நிமிஷம் போதும்.

அந்த ஒரு கேள்வி

1896-ல் மதுரையில் வேங்கடராமன் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன், வயது 16. பின்னாளில் ரமணர் ஆனவர் இவர்தான். ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிக்கொண்டு வா என்று இம்போசிஷன். எழுதிக்கொண்டிருந்தவன் புத்தகத்தை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் திட்டினார். அது சரிதானே என்று பையனுக்குப் பட்டது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பிறகு 1950 வரை அந்த ஊரைவிட்டு எங்கும் போகவில்லை.

அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்த கடிதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'நான்' என்று தொடங்கும், அடுத்த வாக்கியத்திலேயே 'நான்' போய் 'இது' வந்துவிடும், கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. லாயக்கில்லை என்று திட்டு வாங்கிய பையன், தான் லாயக்குள்ளவன் என்று யாருக்கும் நிரூபிக்கப் போகவில்லை.

சரி, பயிற்சிக்கு வருவோம். அமைதியாக உட்காருங்கள். கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் கவனியுங்கள். மூச்சு அடங்கினால் மனசும் கொஞ்சம் அடங்கும், நிரந்தரமாக இல்லை. எண்ணம் ஒன்று வரும். என் விஷயத்தில், "நான் தோற்றுப்போனவன்". அதோடு சண்டை போடாதீர்கள், "இல்லை, நான் திறமைசாலி" என்று சமாதானமும் சொல்லாதீர்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த எண்ணம் யாருக்கு வந்தது? எனக்கு. அந்த நான் யார்?

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்தேன். கேள்விக்கு விடை எழுதத் தொடங்கிவிடுவோம்: நான் ஆன்மா, நான் பிரம்மம், நான் இன்னாருடைய மகன். அது பரீட்சைப் பழக்கம். இல்லாவிட்டால் "நான் யார், நான் யார்" என்று ஜபம் மாதிரி உருட்டுவோம். இரண்டும் வேண்டாம். கேட்டுவிட்டு, 'நான்' என்ற அந்த உணர்வு எங்கே இருக்கிறது என்று உள்ளே பாருங்கள். தொலைந்த சாவியைத் தேடும்போது வாய் பேசாது, கண் மட்டும் தேடும் இல்லையா, அந்த மாதிரி.

என்ன ஆகும்? எனக்கு முதல் நாள் ஒரு நொடி, அதுவும் முழுசாக இல்லை, எண்ணம் நின்றது. அந்த நொடியில் தோற்றவனும் இல்லை, ஜெயித்தவனும் இல்லை. அடுத்த நொடி மேடம் குரல் மறுபடி வந்துவிட்டது. மறுபடி கேட்டேன். 20 நிமிஷத்தில் நூறு முறை வந்திருக்கும். பயிற்சியே அதுதான், தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

கேட்டுக்கொண்டே இருந்தால் கேள்வியும் ஒருநாள் போய்விடும் என்று அந்தப் புத்தகம் சொல்கிறது: பிணஞ்சுடு தடி போல. சிதையைக் கிளறுகிற தடி கடைசியில் தானும் எரிந்துபோகும். ஈசானிய லிங்கத்துக்குப் பக்கத்தில் நிதானமாக நடக்கச் சொன்னது இதற்காகத்தான். நான் அந்தக் கட்டத்துக்கெல்லாம் போகவில்லை, என் தடி இன்னும் முழுசாக இருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்தது. 'மதிப்பு' என்ற அட்டை பெயரிலும் பதவியிலும்தான் ஒட்டும். அதையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்கிற ஒன்றில் ஒட்டுவதற்கு இடமே இல்லை. சம்பளம் வந்துகொண்டிருந்த 14 வருஷமும் அது இப்படித்தான் இருந்திருக்கும், நான்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

தினமும் காலையில் 20 நிமிஷம், ஒரே இடம், ஒரே நேரம். போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், பிள்ளை கூப்பிடும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.

எண்ணாதீர்கள். எத்தனை நாள், எத்தனை நிமிஷம், எத்தனை கிரிவலம், எதையும். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். 11-வது கிரிவலம் முடித்ததும் சித்தப்பா பையனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் "அப்படியா? எனக்கு 40 ஆச்சு அண்ணே" என்றான். வயிற்றில் எதுவோ நழுவியது, அப்ரைசல் நாளில் பக்கத்து சீட்காரனுக்கு நல்ல ரேட்டிங் என்று கேட்டபோது நழுவிய அதே இடத்தில். அன்றைக்கே நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டேன். ஒரு மார்க் ஷீட் போய் இன்னொரு மார்க் ஷீட் வந்தால் திருவண்ணாமலைக்கு எதற்குப் போக வேண்டும்?

கைவேலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் கை தட்டாத வேலையாக. ரமணர் விடிவதற்கு முன்பே எழுந்து ஆசிரம சமையல்கட்டில் காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். பந்தியில் தனக்கு மட்டும் கூடுதலாக எதையும் பரிமாற விடமாட்டார். நான் எங்கள் தெருக் கோயில் அன்னதானத்துக்குச் சனிக்கிழமை காய் நறுக்கப் போகிறேன். முதல் வாரமே சமையல்கார அண்ணன், "சாம்பாருக்கா இவ்ளோ பொடிசா நறுக்குவாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கேள்வியைப் போட்டுப் பார்க்க நல்ல சந்தர்ப்பம். அவமானம் யாருக்கு? அதற்குள் அவர் அடுத்த கூடையை இறக்கிவிட்டார்.

சிலரிடமிருந்து தள்ளி இருங்கள். தோஷம் இருக்கிறது, பரிகாரத்துக்கு இத்தனை ஆயிரம் ஆகும் என்பவர். உனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன் என்பவர். வீட்டை விட்டு வந்துவிடு என்பவர். மனசு நொந்து வருகிறவர்கள் முகத்தில் அது எழுதி ஒட்டியிருக்கும், இந்த ஆட்களுக்கு அதைப் படிக்கத் தெரியும். பணத்தைப் பற்றி எந்த முடிவையும் திருவண்ணாமலையில் இருக்கும்போது எடுக்காதீர்கள். வேலை தேடுவதையும் நிறுத்திவிடாதீர்கள். நான் காலையில் 20 நிமிஷம் உட்காருவேன், அப்புறம் பயோடேட்டா அனுப்புவேன். ஏழு மாதம் ஆனது, பாதிச் சம்பளத்தில் ஒரு இடம் கிடைத்தது.

மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கல்யாண வீட்டுக்குப் போங்கள். புது வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம் ஒரு கல்யாணம். மாமா ஒருவர் இருக்கிறார், சம்பளம் கேட்காமல் விடமாட்டார். அவருக்காக மூன்று நாள் பதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பந்தியில் சரியாக எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, இப்ப எங்க வேலை?"

வயிறு நழுவத்தான் செய்தது. யாருக்கு என்று கேட்டுக்கொண்டேன். ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை.

"சின்ன இடம் மாமா. கணக்கு எழுதுறேன்."

"சரி சரி" என்றார். அப்புறம் கழுத்தை நீட்டிப் பார்த்து, பீடா எந்தப் பக்கம் கொடுக்கிறார்கள் என்று கேட்டார்.